தேடுபவரின் கண்ணில் படுவது: மலையகத்துச் சிறு வியாபாரிகளின் இணையத்தளங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹட்டனில் வான் வாடகைக்கு விடும் ஒருவர் தமது இணையத்தளத்தை என்னிடம் காட்டி, "தம்பி, எட்டு மாதமாக இதை வைத்திருக்கிறேன். இதைப் பார்த்துவிட்டு ஒருவர்கூட எனக்குக் கோல் எடுத்ததில்லை" என்று மனம் நொந்து சொன்னார். தளத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. படங்கள் நன்றாக இருந்தன, தொலைபேசி எண் சரியாக இருந்தது, வாடகை விபரமும் இருந்தது. கூகுளின் தேடல் பெட்டியில் 'சைட்' என்ற ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் இட்டு, இடைவெளி விடாமல் அவருடைய தளத்தின் முகவரியைத் தட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. தளத்தை அமைத்தவர், வேலை முடியும்வரை யாரும் பார்க்க வேண்டாம் என்று, தளம் அமைக்கப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஒரு சிறு கட்டத்தில் சரி அடையாளம் இட்டிருந்தார். வேலை முடிந்த பின்னர் அதை எடுக்க மறந்துவிட்டார். இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று தேடுபொறிகளிடம் சொல்லும் கட்டம் அது. எட்டு மாதமாக அவருடைய கடைக் கதவு உள்ளிருந்து பூட்டியே இருந்திருக்கிறது.

இது அரிதான பிழை அன்று. நுவரெலியா, பண்டாரவளை, பதுளை, கண்டிப் பக்கங்களில் விடுதி, வாகன வாடகை, தேயிலைப் பொதி விற்பனை, திருமண அலங்காரம், தையல் வகுப்பு என்று சிறு தொழில் செய்பவர்களின் தளங்களைப் பார்க்கும்போதெல்லாம், பெரிய நுட்பங்களைவிட இத்தகைய அடிப்படைக் குறைகளே அவர்களை மறைத்து வைத்திருப்பதைக் காண்கிறேன். ஆகவே, எதை முதலில் பார்க்க வேண்டுமோ அந்த ஒழுங்கிலேயே இங்கு எழுதுகிறேன்.

தளம் கூகுளுக்குத் தெரியுமா?

தேடுபொறி மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலில், கூகுள்பாட் என்னும் நிரல் ஓர் இணைப்பிலிருந்து இன்னோர் இணைப்புக்குத் தாவி இணையப் பக்கங்களை வாசித்துக்கொண்டே போகிறது. பின்னர், வாசித்தவற்றை நூலகத்தின் அட்டவணையைப்போல வரிசைப்படுத்தி வைக்கிறது. ஒருவர் எதையேனும் தேடும்போது, அந்த அட்டவணையிலிருந்து பொருத்தமானவற்றை எடுத்து, எது முதலில், எது பிறகு என்று தீர்மானிக்கிறது. நமது பக்கம் அட்டவணையிலேயே இல்லையென்றால், எத்தனை அழகாக எழுதினாலும் அது எந்த இடத்திலும் வராது. அதனால்தான் மேலே சொன்ன 'சைட்' சோதனையை முதலில் செய்ய வேண்டும். வேர்ட்பிரஸ் தளமென்றால், அமைப்புகளில் வாசிப்புப் பகுதிக்குப் போய் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

அடுத்ததாக, கூகுள் சேர்ச் கன்சோல் என்னும் இலவசக் கருவியில் உங்கள் தளத்தைப் பதிவு செய்யுங்கள். தளம் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க, கூகுள் தரும் ஒரு வரியை டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) அமைப்பிலோ தளத்தின் உள்ளேயோ இட வேண்டும். தளத்தை அமைத்துத் தந்தவரால் பத்து நிமிடத்தில் செய்துதர முடிந்த வேலை அது. பின்னர், தளத்தின் பக்கங்களை எல்லாம் பட்டியலிடும் சைட்மேப் கோப்பின் முகவரியை அங்கே கொடுங்கள். புதிய பக்கம் ஒன்றை எழுதினால், அதன் முகவரியை அதே கருவியில் சோதித்து, அட்டவணையில் சேர்க்கும்படி கேட்கவும் முடியும். கேட்ட மறுநாளே வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சில நாட்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம்.

இந்தக் கணக்கு உங்கள் சொந்த மின்னஞ்சலில் இருக்க வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். டொமைன் பெயரும் அவ்வாறே. அமைத்துக் கொடுத்தவரின் பெயரில் டொமைன் இருந்து, அவர் வெளிநாடு போன பின்னர் வருடாந்தப் புதுப்பிப்புக் கட்டணம் கட்டப்படாமல் முழுத் தளமும் மறைந்துபோனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பல வருடங்கள் சேர்த்த மதிப்பு ஒரு கட்டணத்தோடு போய்விட்டது.

திரையில் தமிழ், உள்ளே வேறு

நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அதே கோப்பிலிருந்து வெட்டி ஒட்டி இணையத்தளத்தையும் நிரப்பிவிடுகிறார்கள். பாமினியில் 'தேயிலை' என்று திரையில் தெரிவது, கணினியின் உள்ளே என், ஜே, ஏ, பி, ஐ, வை என்ற ஆறு ஆங்கில எழுத்துகளாகவே இருக்கிறது. 'அம்மா' என்பதோ எம், கே, ஓர் அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்று இருக்கிறது. எழுத்துரு மேலே ஒரு தமிழ்ச் சட்டையை மாட்டிவிடுகிறது, அவ்வளவுதான். கூகுள்பாட் சட்டையைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் எழுத்துகளையே வாசிக்கிறது. தேயிலை என்று தேடும் ஒருவருக்கு அந்தப் பக்கத்தைக் காட்ட அதற்கு எந்தக் காரணமும் இல்லை.

இதைச் சோதிப்பது எளிது. உங்கள் தளத்திலிருந்து ஒரு தமிழ் வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் அது யூனிகோட், அதாவது எல்லாக் கருவிகளும் தமிழாகவே அறியும் எழுத்துமுறை, கவலை இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாக வந்தால், அந்தப் பக்கம் முழுவதையும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அதற்கான மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின்னர் ஒரு முறை வாசித்துத் திருத்திக்கொண்டால் போதும்.

இதே குற்றம் வேறு உருவத்திலும் நடக்கிறது. கட்டண விபரம், உணவுப் பட்டியல், வகுப்பு நேரம் எல்லாவற்றையும் ஒரு சுவரொட்டியாக வடிவமைத்து, அந்தப் படத்தைத் தளத்தில் போட்டுவிட்டு, பக்கத்தில் வேறு ஒரு வரியும் எழுதாமல் விடுவது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி நம்பகமாக வாசிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பார்வைக் குறைபாடு உள்ள ஒருவரின் திரைவாசிப்பானுக்கும் அது வெறுமைதான். படம் இருக்கட்டும், அதில் உள்ளவற்றைக் கீழே எழுத்திலும் எழுதுங்கள்.

முதல் வேலை வரைபடத்தில்

சிறு வியாபாரம் ஒன்றுக்கு, அதன் தளத்தைவிடவும் விரைவாகப் பலன் தருவது கூகுள் வரைபடத்தில் அது சரியாக இடம்பெறுவதே. 2021ஆம் ஆண்டுவரை கூகுள் மை பிஸ்னஸ் என்று அழைக்கப்பட்டு, இப்போது கூகுள் பிஸ்னஸ் புரொஃபைல் என்று அழைக்கப்படும் இந்தச் சேவை இலவசமானது. 'எனக்கு அருகில் தையல் கடை' என்பது போன்ற தேடல்களில் யாரை முன்னே காட்டுவது என்பதை மூன்று விடயங்களைக் கொண்டு தீர்மானிப்பதாகக் கூகுளே கூறுகிறது. தேடியதோடு வியாபாரம் எவ்வளவு பொருந்துகிறது, தேடுபவரிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அது எவ்வளவு அறியப்பட்டிருக்கிறது என்பனவே அவை. தூரத்தை நாம் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில் இருக்கின்றன.

பொருத்தத்துக்கு முதன்மையானது வகைத் தேர்வு. விடுதி நடத்துபவர் 'ஹோட்டல்' என்ற பொது வகையைப் பழக்கத்தில் தெரிவுசெய்துவிடுகிறார். ஆனால் அவர் நடத்துவது ஹோம் ஸ்டே என்றால், அந்த வகையே அவரைச் சரியான ஆட்களுக்குக் காட்டும். வியாபாரத்தின் பெயரில், பலகையில் இல்லாத சொற்களைச் சேர்க்காதீர்கள். 'சிறந்த மலிவான வான் வாடகை ஹட்டன்' என்று பெயருக்குப் பின்னால் ஒட்டிவிடுவது கூகுளின் விதிகளுக்கு முரணானது. அதற்காகக் கணக்கு முடக்கப்படவும் கூடும்.

முகவரி என்பது மலையகத்தில் ஒரு தனிப் பிரச்சினை. தோட்டத்துப் பிரிவின் பெயரும் லயத்தின் எண்ணும் கொண்ட முகவரியை வரைபடம் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அப்படிப்பட்ட இடங்களில், வரைபடத்தில் உங்கள் வாசலின்மேல் விரலை அழுத்தி, குண்டூசியைச் சரியான கூரையின்மேல் நிறுத்துங்கள். அப்போது தோன்றும் பிளஸ் கோட் என்னும் குறியீட்டையும் உங்கள் தளத்தின் தொடர்புப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். அந்தக் குறியீட்டை யார் தட்டினாலும் அதே வாசலுக்கு வருவார்கள். நீங்கள் வீட்டிலிருந்தே தொழில் செய்பவராக இருந்து, வாடிக்கையாளர் உங்கள் வீட்டுக்கு வருவதில்லை என்றால், முகவரியை மறைத்துவிட்டு நீங்கள் போய் வேலை செய்யும் ஊர்களை மட்டும் குறிப்பிடலாம். வான் வைத்திருப்பவர், வீட்டுக்கே வந்து மின்வேலை செய்பவர், அலங்காரக்காரர் ஆகியோருக்கு இதுவே ஏற்றது.

பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் எல்லா இடங்களிலும் ஒரே விதமாக இருக்க வேண்டும். தளத்தில் 'டிராவல்ஸ்', முகநூலில் 'டூர்ஸ்', வரைபடத்தில் உரிமையாளரின் பெயர் என்று மூன்று விதமாக இருந்தால், மூன்றும் ஒரே வியாபாரம் என்று கூகுள் உறுதிகொள்ளத் தயங்கும். ஓரிடத்தில் 051 என்று தொடங்கும் பழைய நிலையான எண்ணும், இன்னோரிடத்தில் இப்போது பாவிக்காத கைப்பேசி எண்ணும் இருப்பது அதைவிட மோசம், வந்த வாடிக்கையாளரே திரும்பிப் போய்விடுவார். போயா தினங்களிலும் தைப்பொங்கல், தீபாவளி நாட்களிலும் கடை திறந்திருக்குமா என்பதை விசேட நேரங்களாகக் குறித்துவிடுங்கள். நுவரெலியாவில் ஏப்ரல் வசந்தகாலக் கூட்டத்தின்போது நேரத்தை நீடிப்பவர்கள் அதையும் சேர்க்க வேண்டும்.

வாடிக்கையாளர் கேட்கும் சொற்கள்

இதுவே இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி. எந்தச் சொற்களை வைத்துப் பக்கத்தை எழுதுவது என்பதற்குப் பணம் கட்டிக் கருவிகளை வாங்க வேண்டியதில்லை. உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து, சென்ற இரண்டு மாதங்களில் புதிதாக வந்தவர்கள் கேட்ட முதற் கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்த ஹட்டன் அண்ணனுடன் உட்கார்ந்து நான் செய்த முதல் வேலையும் இதுதான். சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்தில், மலையடிவார ஊரான நல்லதண்ணிக்குப் போகிறவர்களிடமிருந்து அவருக்கு வந்தவற்றுள், ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்திருந்தன. ஹட்டன் ரயில் நிலையத்திலிருந்து நல்லதண்ணிக்குப் போக எவ்வளவு? நடுஇரவில் ரயில் வந்தால் வான் நிற்குமா? மலை ஏறி இறங்கும்வரை காத்திருப்பீர்களா, காத்திருப்புக்குத் தனிக் கட்டணமா? பன்னிரண்டு பேர் ஏறலாமா? முழங்கால் வலி உள்ள அம்மா வருகிறார், மலையடிவாரம்வரை வாகனம் போகுமா?

இவற்றுள் ஒன்றுக்கேனும் அவருடைய தளத்தில் பதில் இருக்கவில்லை. 'நாங்கள் தரமான சேவையை வழங்குகிறோம்', 'வாடிக்கையாளர் திருப்தியே எமது இலக்கு' என்ற வரிகள் மட்டுமே இருந்தன. அந்த வரிகளை யாரும் தேடுவதில்லை. அவற்றை எடுத்துவிட்டு, 'ஹட்டன் ரயில் நிலையத்திலிருந்து நல்லதண்ணிக்கு வான்' என்று ஒரு தனிப் பக்கத்தை எழுதி, மேலே உள்ள ஒவ்வொரு கேள்வியையும் ஓர் உபதலைப்பாக வைத்து, அதன் கீழ் இரண்டு மூன்று வரிகளில் நேரான பதிலைக் கொடுத்தோம். தூரம் 30 கிலோமீற்றருக்கு மேல், வழியில் மஸ்கெலியாவில் தேநீருக்கு நிறுத்தலாம், இரவு ரயிலுக்கு முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும், காத்திருப்புக் கட்டணம் இவ்வளவு. விலையை எழுதத் தயங்குபவர்கள் உண்டு. 'இதிலிருந்து ஆரம்பம்' என்றாவது எழுதுங்கள் என்பதே என் கருத்து. விலை கேட்டுத் தேடி வருபவர், விலை இல்லாத பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்.

சொற்களைப் பற்றி இன்னொன்று. அதே மலைக்குத் தமிழர் சிவனொளிபாதமலை என்கிறோம், சிங்கள யாத்திரிகர் ஸ்ரீ பாத என்கிறார், வெளிநாட்டவர் ஆடம்ஸ் பீக் என்று தேடுகிறார். நல்லதண்ணியை வெளிநாட்டு வழிகாட்டிகள் இன்னும் டல்ஹவுசி என்ற பழைய தோட்டப் பெயராலேயே குறிப்பிடுகின்றன. ஆங்கிலப் பக்கத்தை எழுதும்போது டல்ஹவுசி என்ற சொல் அதில் ஒரு முறையேனும் இல்லையென்றால், அந்தப் பெயரால் தேடும் வெளிநாட்டவருக்கு நீங்கள் தென்படாமல் போகக்கூடும். தமிழிலும் ஹட்டன் என்றும் அட்டன் என்றும், ஹப்புத்தளை என்றும் அப்புத்தளை என்றும் எழுதுகிறோம். இவற்றுக்கெனத் தனித்தனிப் பக்கங்கள் வேண்டாம், ஒரே பக்கத்தில் இயல்பாக இரு வடிவங்களும் வந்தால் போதும். இந்தியத் தமிழர் சீதாஎலிய சீதையம்மன் கோவிலையும் ரம்பொடை ஆஞ்சநேயர் கோவிலையும் பார்க்க வருகிறார்கள். அவர்கள் 'இலங்கை' என்பதற்குப் பதில் 'ஸ்ரீலங்கா' என்றும், 'மரக்கறிச் சாப்பாடு' என்பதற்குப் பதில் 'சைவ உணவு' என்றும் தேடக்கூடும். அவர்களை எதிர்பார்க்கும் விடுதிக்காரர் அந்தச் சொற்களையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கூகுள் பெட்டியில் பாதிச் சொல்லைத் தட்டி நிறுத்தினால், மிச்சத்தை அதுவே ஊகித்துக் காட்டும் அல்லவா? அந்த ஊகங்கள் மற்றவர்கள் உண்மையில் தேடியவற்றிலிருந்து வருபவை. 'எல்ல ரயில் நிலையம்' என்று தட்டி ஓர் இடைவெளி விட்டுப் பாருங்கள். உங்கள் கொப்பியில் இல்லாத இரண்டு மூன்று கேள்விகள் அங்கே கிடைக்கும். கூகுள் டிரெண்ட்ஸ் என்னும் இலவசக் கருவியில் நாட்டை இலங்கை என்று தெரிவுசெய்து, இரண்டு சொற்களில் எது அதிகம் தேடப்படுகிறது, வருடத்தின் எந்த மாதத்தில் தேடப்படுகிறது என்பதையும் ஒப்பிடலாம்.

'எல்ல ஹோட்டல்' போன்ற பெரிய சொற்களுக்குச் சிறு விடுதிக்காரர் போட்டியிடுவதில் பயனில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த இடங்களைப் பெரும் முன்பதிவுத் தளங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. ஆனால் 'தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துக்கு நடந்து போகும் தூரத்தில், சிறு பிள்ளைகளோடு தங்கக்கூடிய அறை' என்பதற்குப் பதில் சொல்லும் பக்கம் அவர்களிடம் இருப்பது அரிது. அதைத் தேடுபவர் குறைவு, ஆனால் தேடுபவர் ஏறக்குறைய முடிவெடுத்துவிட்டவர்.

இங்கே ஒரு பிழையைச் சொல்ல வேண்டும், நான் தொடக்கத்தில் செய்த பிழை. வாகன வாடகைத் தளம் ஒன்றுக்கு, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி, மற்ற வரிகளை அப்படியே வைத்துப் பதினான்கு பக்கங்களை உருவாக்கினேன். கூகுள் அவற்றுள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அட்டவணையில் சேர்க்கவே இல்லை. தேடுபவரை ஏமாற்றி உள்ளே இழுக்கும் வாசல்களாகவே இத்தகைய பக்கங்களைக் கூகுளின் விதிகள் கருதுகின்றன. நானுஓயாவுக்கு ஒரு தனிப் பக்கம் வேண்டுமென்றால், நுவரெலியாவுக்குப் போகும் ரயில் பயணி அங்கேதான் இறங்க வேண்டும், இறங்கியபின் நகருக்கு எப்படிப் போவது என்பது போன்ற, அந்த ஊருக்கு மட்டுமே பொருந்தும் விடயம் அதில் இருக்க வேண்டும். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு ஒரே இரவில் நூறு பக்கங்களை எழுதிவிடலாம். பெருமளவில் இவ்வாறு பக்கங்களைக் குவிப்பதையும் கூகுள் 2024 மார்ச்சில் தனது விதிகளில் வெளிப்படையாகத் தடைசெய்திருக்கிறது.

பருவகாலப் பக்கங்களுக்கு நேரம் முக்கியம். சிவனொளிபாதமலைக் காலம் டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவரை நீடிக்கிறது. டிசம்பரில் எழுதத் தொடங்கினால், கூகுள் அதைக் கண்டு எடைபோடுவதற்குள் காலத்தின் பாதி போய்விடும். செப்டெம்பரில் எழுதுங்கள். ஒவ்வொரு வருடமும் புதிய பக்கத்தை உருவாக்காமல், முகவரியில் வருடத்தைச் சேர்க்காமல், அதே பக்கத்திலேயே திகதியையும் விலையையும் புதுப்பியுங்கள். சென்ற வருடம் அதற்குக் கிடைத்த இணைப்புகளும் மதிப்பும் அப்படியே இருக்கும்.

தலைப்பு வரி

உலாவியின் மேல் ஓரத்தில் தெரியும் தலைப்பே தேடல் முடிவுகளிலும் பெரும்பாலும் நீலநிறத்தில் வருகிறது. பல தளங்களில் அது 'முகப்பு' என்றே இருக்கிறது. அதைவிட வீணான ஓர் இடம் தளத்தில் வேறில்லை. 'ஹட்டன் – நல்லதண்ணி வான் வாடகை: கட்டணம், இரவு ரயில் நேரங்கள்' என்பது போல, ஊரும் சேவையும் முதற் சில சொற்களிலேயே வர வேண்டும். தமிழ் எழுத்துகள் அகலமானவை ஆகையால், ஆங்கிலத் தலைப்பைவிடக் குறைந்த சொற்களிலேயே அது வெட்டுப்படும். ஒவ்வொரு பக்கத்துக்கும் வெவ்வேறு தலைப்பு வேண்டும். தலைப்பின் கீழே வரும் இரண்டு வரி விளக்கம் தரவரிசையை உயர்த்தாது, கூகுள் பல சமயங்களில் அதை மாற்றியும் காட்டும். எனினும், நன்றாக எழுதப்பட்டால் அது சொடுக்கத் தூண்டும். முக்கியச் சொற்களை மறைவாகப் பட்டியலிடும் கீவேர்ட்ஸ் குறிச்சொல்லைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தரவரிசைக்கு அதைப் பாவிப்பதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது.

மும்மொழித் தளம்

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவது நம் பெயர்ப்பலகைப் பழக்கம். தளத்தில் அது கூடாது. ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி இருக்க வேண்டும், மேலே மொழி மாற்றும் இணைப்பும் இருக்க வேண்டும். 'ஹெச்ரெஃப்லாங்' என்னும் குறிப்பால் இந்த மூன்று பக்கங்களும் ஒன்றின் மொழிவடிவங்கள் என்பதை அறிவிக்க வேண்டும். தளத்தில் சேர்க்கும் துணை நிரல்களான பிரபலமான பிளகின்கள் இதைத் தாமாகவே செய்துவிடும். வருபவரின் மொழியை ஊகித்துத் தானாகவே வேறு பக்கத்துக்குத் தள்ளிவிடும் ஏற்பாட்டை மட்டும் செய்யாதீர்கள். கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே வருவதால், அது உங்கள் தமிழ்ப் பக்கத்தைக் காணாமலே போய்விடும். பக்கத்தின் முகவரியைத் தமிழ் எழுத்தில் வைக்கலாம், கூகுளுக்கு அதில் சிக்கல் இல்லை. ஆனால் அதை வாட்ஸ்அப்பில் பகிரும்போது சதவீதக் குறிகளாக நீண்டுவிடுவதால், குறுகிய ஆங்கில எழுத்து முகவரியையே நான் விரும்புகிறேன்.

படங்களும் வேகமும்

மேகமூட்டம் விலகிய காலையில் கைப்பேசியில் எடுத்த படம் 4 மெகாபைட் இருக்கும். அப்படிப்பட்ட பத்துப் படங்களை முகப்பில் வைத்த தளத்தை, சிக்னல் விட்டு விட்டு வரும் மலை வளைவில் பஸ்ஸில் இருந்துகொண்டு ஒருவர் திறந்து பார்க்க முடியாது. படங்களின் அகலத்தை 1200 பிக்சல் அளவுக்குக் குறைத்து, வெப்பி வடிவில் சேமித்தால், ஒரு படம் 200 கிலோபைட்டுக்குள் வந்துவிடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பக்கத்தின் பிரதான பகுதி 2.5 வினாடிக்குள் தோன்ற வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்னும் கருவியில் உங்கள் முகவரியைக் கொடுத்தால், எங்கே தாமதம் என்று அது காட்டிவிடும். கூகுள் இப்போது தளங்களின் கைப்பேசி வடிவத்தையே வாசித்து மதிப்பிடுகிறது. ஆகவே கணினியில் அழகாக இருப்பதைப் பார்த்துத் திருப்தி கொள்ளாமல், சாதாரணக் கைப்பேசி ஒன்றில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு படத்துக்கும், அதில் இருப்பதைச் சொல்லும் மாற்று உரை எழுதுங்கள். 'படம் 1' என்றல்ல, 'நானுஓயா ரயில் நிலைய வாசலில் பதினான்கு இருக்கை வான்' என்று.

மதிப்புரைகளும் இணைப்புகளும்

நல்ல சேவை பெற்றவரிடம், போகும் நேரத்தில் நேரடியாகக் கேளுங்கள். வரைபடக் கணக்கில் கிடைக்கும் மதிப்புரை இணைப்பைக் கியூஆர் குறியாக அச்சிட்டு, காசு மேசையிலோ வானின் பின்னிருக்கையிலோ ஒட்டலாம். மதிப்புரைக்கு விலைக்கழிவோ அன்பளிப்போ கொடுப்பது கூகுளின் விதிகளுக்கு முரணானது, உறவினர்களைக் கொண்டு எழுதுவிப்பதும் அப்படியே. குறை சொன்னவருக்குப் பதில் எழுதும்போது சண்டை பிடிக்க வேண்டாம். நடந்ததை ஒப்புக்கொண்டு, என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். அந்தப் பதிலை வாசிப்பவர் அடுத்த வாடிக்கையாளர்.

மற்றத் தளங்கள் உங்கள் தளத்துக்குக் கொடுக்கும் இணைப்பை ஒரு பரிந்துரையாகக் கருதலாம் என்ற எண்ணத்தின் மேலேயே 1998இல் கூகுள் எழுந்தது. இன்றும் அது மதிப்பை இழக்கவில்லை. நீங்கள் பயணிகளை ஏற்றிச்செல்லும் விடுதி, நீங்கள் அலங்காரம் செய்யும் மண்டபம், நீங்கள் படித்த பாடசாலையின் பழைய மாணவர் சங்கம், உபயம் செய்த கோவில் திருவிழாவின் பக்கம் ஆகியவற்றிடம் ஓர் இணைப்பைக் கேட்பதில் தவறில்லை. தங்குமிடம் நடத்துபவர்கள் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்து அதன் பட்டியலில் இடம்பெறுவது, இணைப்புக்காக மட்டுமன்றி, வருபவரின் நம்பிக்கைக்காகவும் பெறுமதியானது.

'ஆயிரம் இணைப்புகள் இத்தனை ரூபாய்', 'முப்பது நாளில் முதலிடம் உறுதி' என்று மின்னஞ்சல் அனுப்புபவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். முதலிடத்தை யாராலும் உறுதியளிக்க முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. சாதாரண முடிவுகளில் இடத்தை அது யாருக்கும் விற்பதுமில்லை. தேயிலைப் பொதி விற்கும் அக்கா ஒருவர், தம் இரண்டு மாத இலாபத்தை இப்படி ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தபோது எனக்கு ஏற்பட்ட கோபம் இன்னும் ஆறவில்லை. அவருக்குக் கிடைத்தவை சூதாட்டத் தளங்களிலிருந்து வந்த இணைப்புகள்.

மாதத்தில் ஓர் அரைமணி நேரம்

சேர்ச் கன்சோலில் செயற்றிறன் என்ற பகுதி, எந்தச் சொற்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் வந்தது என்பவற்றைப் பதினாறு மாதங்கள்வரை சேமித்துக் காட்டுகிறது. மாதத்தில் ஒரு முறை அதைத் திறந்தால் போதும். ஒரு சொல்லுக்குப் பலமுறை காட்டப்பட்டும் சொடுக்கு வரவில்லை என்றால், தலைப்பு கவரவில்லை என்றோ, இடம் மிகக் கீழே என்றோ பொருள். எட்டாவது இடத்துக்கும் பதினைந்தாவது இடத்துக்கும் நடுவில் நிற்கும் சொற்களைத் தேடிப் பிடியுங்கள். அந்தப் பக்கத்தில் ஒரு கேள்விக்கான பதிலை நிறைவாக்கினால், முன்னேறும் வாய்ப்பு அவற்றுக்கே அதிகம். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து, திகதியைக் கொப்பியில் எழுதி, நான்கு வாரங்கள் பொறுத்துப் பாருங்கள்.

ஹட்டன் அண்ணனின் தளத்தில், கட்டத்தின் அடையாளத்தை எடுத்து நல்லதண்ணிப் பக்கத்தை எழுதிய பின்னர், முதல் மாத அறிக்கையில் நாங்கள் நினைத்துப் பாராத ஒரு தேடல் தெரிந்தது. நடுஇரவில் ஹட்டனில் இறங்கினால் விடியும்வரை தங்க இடம் உண்டா என்று பலர் கேட்டிருந்தார்கள். அதற்கான பதில் அந்தப் பக்கத்தில் இல்லை. நிலையத்துக்கு அருகே அறை வாடகைக்குக் கொடுப்பவர் ஒருவரோடு அவர் பேசி, அந்தக் கேள்வியை ஓர் உபதலைப்பாகச் சேர்த்து, அறையின் விலையையும் எழுதினார். இப்போது ரயிலில் வருபவர்கள் அறைக்கும் வானுக்கும் சேர்த்தே கோல் எடுக்கிறார்கள்.